நல்ல சேவல் முனிக்கு, நோஞ்சான் சேவல் வீட்டுக்கு

போன வாரம், புதிதாக ஆய்வாளர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தீர்கள். காபி குடித்தீர்கள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மேடம், வூட்ல வளக்கறதுக்கு நல்ல நாட்டுச் சேவல எப்படி செலக்ட் பண்றது? ஒரே வரியில சொல்லுங்க, ஸ்டேட்டஸ் போடணும்" என்று கேட்டீர்கள். அடப் பாவிகளா, ஒரே வரியில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் எதற்கு இத்தனை வருடம் கால்நடை ஆய்வாளராக ஊர் ஊராகப் போய்க் கோழியிடம் கொத்து வாங்கியிருக்கப் போகிறேன்?

கால் நேராக இருக்க வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், நெஞ்செலும்பு வளையக் கூடாது என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. படித்துத்தானே பாஸ் பண்ணினீர்கள்? அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் அடி அண்ணாமலையில் ஒரு சேவலால் வந்த வம்பைச் சொல்கிறேன். சேவல் தேர்ந்தெடுப்பது என்றால் என்னவென்று அதில் இருக்கிறது. ஸ்டேட்டஸில் அடங்காது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஊரில் உங்களை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாம் டாக்டர் இல்லை, ஆய்வாளர். திருத்திப் பார்க்காதீர்கள். நான் வருடக்கணக்கில் திருத்திப் பார்த்து, 'டாக்டரம்மாவுக்கு ரொம்ப அடக்கம்' என்ற பெயரைத்தான் வாங்கினேன்.

அடி அண்ணாமலையில் மல்லிகா என்று ஒருத்தி. கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி வீடு, பின்னால் புளியமரமும் வேலி போட்ட தோட்டமும். அவளிடம் சிறுவிடைக் கோழிகள் இருந்தன. சின்ன உடம்பு, தானே மேயும், தானே அடை காக்கும், பருந்தைப் பார்த்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும், அந்தப் பழைய நாட்டு இனம். வேங்கிக்காலில் புது வீடு கட்டி வந்தவர்கள், பின்பக்கம் நாலு கோழி வளர்க்கலாம் என்று ஆசைப்பட்டவர்கள், அவளிடம்தான் குஞ்சு வாங்கிப் போவார்கள். கலப்படம் இல்லாத நாட்டுக்கோழி என்றால் மல்லிகா வீடு என்று ஒரு பேச்சு இருந்தது.

அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. முட்டையில் பாதி பொரிக்கவில்லை. பொரித்த குஞ்சுகளுக்கும் கால் பின்னிக்கொண்டது. ஒரு டீச்சரம்மா வாங்கிப் போன குஞ்சுகளைக் கூடையோடு திருப்பிக் கொண்டுவந்து, தெருவில் நின்று, "நாட்டுக்கோழின்னு சொல்லி ஏமாத்திட்டியே" என்று கத்திவிட்டுப் போனார். மல்லிகா என்னிடம் இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் பேரு போச்சு டாக்டரம்மா. இந்தக் கோழிய வச்சித்தான் இந்தத் தெருவுல எனக்குன்னு ஒரு பேரு இருந்திச்சி."

நான் பார்த்த உடனே தெரிந்தது. தோட்டத்தில் இருந்தவை எல்லாம் அண்ணன் தங்கை, அத்தை மருமகன் என்று ஒரே குடும்பம். "வெளியிலேர்ந்து ஒரு சேவல் கொண்டாம்மா" என்றேன். அவள் செங்கம் பக்கத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு இளஞ்சேவலைக் கொண்டுவந்தாள். கீரி நிறம். வளர்ந்து நின்றபோது நானே ஒரு நிமிடம் வேலையை மறந்து பார்த்தேன். தீனி கண்டால் தான் தின்னாது. கொக் கொக் என்று பெட்டைகளைக் கூப்பிட்டு, அவை தின்ற பிறகுதான் தின்னும். நம் ஆம்பளைகள் யாராவது அப்படி இருக்கிறார்களா சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஏழுமலை வருகிறார். மல்லிகாவின் கணவர், ஆட்டோ ஓட்டுகிறவர். தங்கமான மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு போனபோது எதிரே வந்த ஒரு மினி லாரி உரசி, வண்டி சாய்ந்துவிட்டது. ஏழுமலைக்கு முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதையை அவர் ஏறுகிற சவாரிக்கெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல லாரி வளர்ந்தது. நான் கேட்டபோது அது பன்னிரண்டு சக்கர லாரி ஆகியிருந்தது.

சாய்ந்த வண்டிக்குள் கிடந்தபடியே அவர், "முனீஸ்வரா, என்னைக் காப்பாத்து. எங்கூட்டுக் கீரிச் சேவல ஆடியில உனக்குச் செலுத்தறேன்" என்று வேண்டிக்கொண்டுவிட்டார். முனி காப்பாற்றிவிட்டார். இனி பேச்சு ஏது?

ஆடி நெருங்கிய ஒரு காலையில் மல்லிகா எனக்குப் போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "டாக்டரம்மா, இன்னிக்கி வந்து சேவலப் பாருங்க. அதுக்கு சீக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. சீக்குக் கோழிய சாமிக்குக் குடுக்க மாட்டாரு. நீங்க சொன்னா நம்புவாரு. ஒரே ஒரு வார்த்த."

எனக்கு மேலே இருந்த டாக்டருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுத்து, முழுவதும் கேட்டு, சிரித்து, "இதெல்லாம் நீங்களே பாத்து செய்யுங்கம்மா" என்று வைத்துவிட்டார். நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிக் கணக்கு கேட்க மேலதிகாரி தினமும் கூப்பிடுவார். முனீஸ்வரன் விஷயத்தில் கூப்பிட மாட்டார்.

போனேன். ஏழுமலை சவாரிக்குப் போகாமல் காத்திருந்தார். மல்லிகா சேவலைப் பிடித்து என் கையில் கொடுத்துவிட்டு, கணவருக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினாள். கையில் சேவல் சூடாக, கல் மாதிரிக் கனமாக இருந்தது. ஏழுமலை நேராகக் கேட்டார்.

"சேவலுக்கு இன்னாவோ சீக்குன்றா மேடம். நெசமா?"

அந்த நேரத்தில் என்ன சொல்வீர்கள்? உங்களில் பாதிப் பேர் 'ஆமாம்' என்பீர்கள், எனக்குத் தெரியும். நல்ல மனசுக்காரர்கள். நல்ல சேவல், நல்ல இனம், ஒரு பெண்ணின் கண்ணீர். ஒரு சின்னப் பொய்தானே?

நான், "சீக்கு ஒண்ணும் இல்லீங்க. ராஜா மாதிரி இருக்குது" என்றேன்.

மல்லிகாவின் முகம் விழுந்துவிட்டது. விடுக்கென்று உள்ளே போனாள். அடுப்பில் எனக்காகக் கொதித்துக்கொண்டிருந்த டீ, வெளியே வரவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் சீக்கு என்று சொல்லியிருந்தால் அது சாயங்காலத்துக்குள் ஊர் வாயில் வெள்ளைக்கழிச்சல் என்ற கொள்ளைநோய் ஆகியிருக்கும். தெருவே கோழிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வியாபாரியிடம் ஓடியிருக்கும். அடுத்த முறை நிஜமான கழிச்சல் வந்து நான் ஊசியோடு போய் நின்றால், "போன தபாவும் இப்டித்தான் சொன்னாங்க" என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். அதுவும் போகட்டும். முனிக்கு ஆகாத சீக்குச் சேவலை ஏழுமலை வீட்டில் வைத்துக் கொஞ்சுவாரா? அன்றைக்கே கழுத்தைத் திருகிப் புதைத்திருப்பார். மல்லிகா சேவலைக் காப்பாற்றப் பார்த்த அதே வார்த்தை சேவலைக் கொன்றிருக்கும். நம் வாயிலிருந்து வருகிற நோயின் பெயர் ஊசி மாதிரி. குத்திவிட்டுத் திரும்ப உறிஞ்ச முடியாது.

சரி, பொய் சொல்லவில்லை. அதற்காக எழுந்து வந்துவிட முடியுமா? நான் ஏழுமலையோடு பேச்சுக் கொடுத்தேன்.

"போன ஆடிக்கு முனிக்கு எத குடுத்தீங்க?"

"செவலை ஒண்ணு இருந்திச்சி மேடம். அத ஊரே பாத்திச்சி. சாமிக்கு நல்லதத்தான குடுக்கணும்?"

"அதுக்கு அடுத்த நல்ல சேவல்?"

"அது எங்க மாமா வந்தாரு, அக்கா வூட்டுக்காரரு. அவருக்கு வுட்டுக் குடுக்க முடியுமா? கொழம்பு வச்சோம்."

"அதுக்கும் அடுத்தது?"

"வியாபாரி கெஞ்சிக் கேட்டான் மேடம். எடைக்கு நல்லா நின்னிச்சி."

"அப்போ கீரி வர்றதுக்கு முன்னாடி பொறந்த குஞ்சுங்களுக்கெல்லாம் அப்பன் யாரு?"

ஏழுமலை திரும்பித் தோட்டத்தைப் பார்த்தார். புளியமரத்தடியில் ஒரு நோஞ்சான் சேவல் நின்றுகொண்டிருந்தது. வாலில் பாதி இல்லை. ஒரு கிழட்டுப் பெட்டை அதைத் துரத்த, அது குப்பைமேட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"அவனா?" என்றார் ஏழுமலை.

"அவனேதான். யாருக்கும் வேணாம்னு மீந்து போனவன். சாமிக்கும் ஆவல, மாமாவுக்கும் ஆவல, வியாபாரிக்கும் ஆவல. நீங்க வருஷா வருஷம் பாத்துப் பாத்து செலக்ட் பண்ணி அவனத்தான் மாப்பிள்ளையா வச்சிருக்கீங்க."

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளேயிருந்து சிரிப்பே வரவில்லை, பாத்திரம் உருளும் சத்தம்தான் வந்தது. ஆனால் ஏழுமலை சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபோது முகம் மாறியிருந்தது. "டீச்சரம்மா வந்து கத்தினதுக்கு நாந்தான் காரணமா மேடம்?" என்றார் மெதுவாக.

தம்பிகளே, தங்கைகளே, இதுதான் நான் சொல்ல வந்தது. நம் ஊரில் எல்லோருக்கும் நல்ல சேவல் எது என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள். காட்டிவிட்டு அதைத்தான் முதலில் அனுப்பிவிடுவார்கள். நீங்கள் எதை மெச்சுகிறீர்கள் என்பது கோழிக்குத் தெரியாது. கூண்டில் எது மிஞ்சுகிறதோ அதன் பிள்ளைதான் பிறக்கும்.

"முனிக்குச் சொன்னத மாத்தச் சொல்ல நான் யாரு?" என்றேன். "ஆடி வர்ற வரைக்கும் சேவல் உங்க வூட்ல தான இருக்குது? மத்த சேவலெல்லாம் வெளிய போவட்டும். கீரி மட்டும் பெட்டைங்களோட இருக்கட்டும். முட்டைய சேத்து வைங்க. அதுலேர்ந்து அதோட புள்ளைங்க வரட்டும்." ஏழுமலை உடனே ஒப்புக்கொண்டார். மற்ற சேவல்கள் வெளியே போவது என்றால் வீட்டில் வாரம் முழுக்கக் கறிக்குழம்பு என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

மல்லிகா முட்டைகளைத் தவிடு போட்ட கூடையில் சேர்த்தாள். கண்ட பெட்டையின் முட்டையைச் சேர்க்கவில்லை. போன வருடம் ஒழுங்காக அடை உட்கார்ந்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிந்த பெட்டைகளின் முட்டைகள் மட்டும். ஏழுமலைக்குப் பிடித்தது ஒரு வெள்ளைப் பெட்டை. பார்க்க லட்டு மாதிரி இருக்கும், அடை உட்கார்ந்ததே இல்லை. "அது அழகா இருக்குதே" என்றார். "அழகுக்கா அடை வைக்கிறோம்?" என்றாள் மல்லிகா. என்னோடு அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை. டீ மட்டும் திரும்ப வர ஆரம்பித்திருந்தது, சர்க்கரை கம்மியாக.

அடைக்கு ஒரு பெட்டை தயாரான நாளில் கூடையைப் பார்த்தால் காலி.

ஏழுமலைதான். கிரிவலம் வந்த ஒரு சவாரி, "ஒரிஜினல் நாட்டுக்கோழி முட்டை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். ஏழுமலை பெருமையோடு வீட்டுக்கே ஆட்டோவைத் திருப்பி, கூடையை அப்படியே கவிழ்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். முட்டைகளெல்லாம் அந்நேரம் சென்னை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தன. எனக்குச் செய்தி வந்தபோது ஆடித் திருவிழா. அன்று காலைதான் கீரி முனிக்குப் போயிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மல்லிகா தோட்டத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஏழுமலை நெற்றி நிறைய விபூதியும் முகம் நிறையத் திகிலுமாக நின்றார். "சாமி என்னைக் காப்பாத்திச்சி மேடம். இவகிட்டேர்ந்து யாரு காப்பாத்துவா?" என்றார். நல்ல சேவல் அது. அதன் தொடைக்கறியை எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார்கள், மரியாதைக்கு. என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் யாரையாவது திட்டத் தோன்றும். எனக்கும் ஏழுமலையை நாலு வாங்கு வாங்கத் தோன்றியது. திட்டினால் திட்டுகிற நேரமும் போய்விடும். நான் பெட்டைகளைப் பார்த்தேன். பிறகுதான் புத்தி வந்தது.

"அழுதது போதும், எழுந்திரு மல்லிகா. சேவல்தான் போச்சு. அதோட விதை பெட்டைங்க வயித்துல ஒரு வாரம் பத்து நாளைக்கி இருக்கும். நாளையிலேர்ந்து வுழற முட்டையும் கீரியோட முட்டைதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா? இல்ல என்னைத் தேத்தறதுக்கு சொல்றீங்களா?"

"உனக்காவ ஒரு பொய் சொல்லச் சொன்ன, அப்பவே சொல்லல. இப்போ சொல்லுவனா?"

முதல் முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான், அன்று காலில் விழாத குறையாகக் கேட்டும் நான் பொய் சொல்லாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று எனக்கே புரிந்தது. நம் வார்த்தையை அவள் நம்ப வேண்டிய நாள் அதுதான்.

ஒரு ஆபத்து மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டுச் சேவல். கீரி இருந்தவரை வேலிப்பக்கம் எட்டிப் பார்க்காதது, இப்போது வேலிமேல் ஏறி நின்று கூவியது. அது உள்ளே வந்துவிட்டால் எந்த முட்டை யாருடையது என்று முனியால்கூடச் சொல்ல முடியாது. "காவலுக்கு ஆள் வேணும்" என்றேன். மல்லிகா ஏழுமலையைப் பார்த்தாள். அவர் எதிர்த்துப் பேசுகிற நிலைமையிலா இருந்தார்? ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, கையில் ஒரு தென்னம்மட்டையோடு வேலி ஓரம் உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று, "இன்னா ஏழுமல, புது உத்தியோகமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் பார்க்கப் போன ஒரு நாள் அந்தச் சேவலும் அவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் கண்ணை எடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இதைப் படிக்கக்கூடும்.

அடை வைத்த முட்டைகள் எல்லாம் பொரிக்கவில்லை. ஆனால் பொரித்தவை எழுந்து நின்றன. கால் பின்னவில்லை. பருந்து ஒன்றைத் தூக்கியது, நிஜக் கீரிப்பிள்ளை ஒன்றைக் கொண்டுபோயிற்று. மிச்சம் வளர்ந்தன. பெட்டைக் குஞ்சுகள் வேண்டும் என்று, கத்திவிட்டுப் போன அதே டீச்சரம்மா கூடையோடு வந்து நின்றார். மல்லிகா உடனே கொடுக்கவில்லை. "அப்புறம் வாங்க, பாக்கலாம்" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து எனக்கு அந்தக் கதையை மூன்று தடவை சொன்னாள்.

பெட்டைக் குஞ்சுகளை, மறுபடி அண்ணன் தங்கை சேராமலிருக்க, பிறகு விற்றுவிட்டாள். சேவல் குஞ்சுகளில் இரண்டு தேறின. ஒன்று பளபளப்பு, பெரிய கொண்டை, எப்போதும் சண்டை. இன்னொன்று கீரி நிறம். கொண்டை சுமார்தான். ஆனால் அப்பனைப் போலவே தீனி கண்டால் மற்றவற்றைக் கூப்பிடும். மல்லிகா இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்தாள், பல நாள் பார்த்தாள். கடைசியில் இதுதான் என்று கீரியைக் காட்டினாள். நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவு சரியாக எடுத்திருந்தாள்.

சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்ற ஏழுமலையின் மாமா வந்தார். பௌர்ணமியன்று பரம சைவம். மறுநாள் விடிந்ததும் கண் தோட்டத்துக்குப் போய்விட்டது. நான் ஊசி போடப் போயிருந்தேன், எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது.

"மாப்ள, அந்தக் கீரி நல்லா கீதே" என்றார் மாமா.

ஏழுமலையின் கை தானாக நீண்டது. மாமாவாயிற்றே. இத்தனை பாடுபட்டும் மறுபடி அதே கதைதானா?

"யோவ், தொடாத" என்றாள் மல்லிகா. "அது சாமி சேவல். முனிக்கு நேந்து வுட்டாச்சி."

ஏழுமலையின் கை நின்றது. மாமா ஒரு அடி பின்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நேர்ந்து விட்ட சேவலை அந்த ஊரில் யாரும் அறுக்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள், கல்லெறிந்துகூட விரட்ட மாட்டார்கள். வேண்டுதல் பலிக்கும்வரை அது சாமி சொத்து.

"எப்போ நேந்துகின?" என்றார் ஏழுமலை.

"போன வெள்ளிக்கெழம. நம்ம பொண்ணுக்கு கவர்மெண்ட் வேல கெடச்சதும் செலுத்தறேன்னு."

அவர்கள் பெண் அப்போது ஆறாம் வகுப்பு. உள்ளே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் சிரிஞ்சைப் பார்த்தேன். மாமா பளபளப்புச் சேவலைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். ஏழுமலை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் முனியை ஏமாற்றுகிறவர் இல்லை. அவருக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது.

"ஏம்மே, அவ நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே. நெசமாவே வேல கெடச்சிட்டா?"

"கெடைக்கட்டும். நல்லாக் கெடைக்கட்டும்" என்றாள் மல்லிகா. கீரியைத் தூக்கித் தோட்டத்துக்குள் பெட்டைகளுக்கு நடுவில் விட்டாள். "அதுக்குள்ள இதோட பேரப்புள்ளைங்களுக்கே பேரப்புள்ளைங்க பொறந்துடும். அப்போ முனியே நேர்ல வந்து எது வேணுமோ எடுத்துக்கட்டும்."